அண்ணாவின் பெயருக்குப் பக்கத்தில்

பெப்ரவரி 9

மூன்று. அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். கேட்டவர் உடனே விரல் மடக்குவார். "மூத்தவள் கனடா, கடைக்குட்டி நீர், நடுவில..." மூன்றாவது விரல் மடங்காமல் அப்படியே நிற்கும். பிறகு வெயிலைப் பற்றிக் கதைப்பார்.

இன்று எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். காலையிலேயே பெரியம்மாவும் மாமியும் குசினியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அம்மாவுக்கு என்ன பிடிக்கும், தர்மி? சொல்லு, செய்வம்."

நண்டுக்கறி என்றேன். உளுத்தம்மாக் களி. தேங்காய்ப்பூ கூடப் போட்ட றொட்டி.

குணம் மாமா வாசலில் நின்று சிரித்தார். அம்மாவின் தம்பி. கொள்ளி வைத்தவரும் அவர்தான். "நண்டு நிரோஜனுக்கெல்லோ உயிர். அக்கா நண்டைத் தொட்டாலே கையெல்லாம் சொறியும். களியும் அவனுக்குத்தான்."

யோசித்துப் பார்த்தேன். உண்மை. இந்த வீட்டில் பதினைந்து வருடமாகச் சமைத்தது எல்லாம் அண்ணாவுக்குப் பிடித்தது. அம்மாவுக்குப் பிடித்தது எதுவென்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சமைத்தோம். காகம் முதலில் நண்டைத்தான் எடுத்தது.

பெப்ரவரி 10

அண்ணாவுக்கென்று அம்மா வாங்கிவைத்த சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். அடிக்காமல் விட்டால் ரயர் வெடித்துவிடும். அதற்காக மட்டும்.

பெப்ரவரி 13

கல்வெட்டு எழுதும் வேலை என் தலையில். அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாளுக்கு, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. மினுங்கும் அட்டை போட்ட இருபத்துநான்கு பக்கம். முதலில் தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிறகு பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி.

"யூனிவர்சிற்றியில தமிழ் படிச்சனீ. வேற ஆர் எழுதுறது?" என்றார் மாமா.

சாவகச்சேரியில் உள்ள அச்சுக்கூடத்துக்கு அவரோடு போனேன். கணினிக்கு முன்னால் இருந்த கஜனுக்கு என் வயதுதான் இருக்கும். புலம்பல்கள் ஏற்கெனவே தன்னிடம் இருப்பதாகச் சொன்னான்.

"அம்மாவுக்கு மூண்டு விதம் இருக்கு அக்கா. வீட்டோட இருந்த அம்மா, வேலைக்குப் போன அம்மா, கனகாலம் படுக்கையில கிடந்த அம்மா. ரீச்சர் எண்டால் ரெண்டாவது. பேரை மட்டும் மாத்துவம்."

"புலம்பல் வேண்டாம்."

"வேண்டாமோ?" மாமாவைப் பார்த்தான். மாமா என்னைப் பார்த்தார். புலம்பல் இல்லாத கல்வெட்டை அவர்கள் இருவரும் கண்டதில்லை.

வரலாற்றின் முடிவில் உறவுகளின் பெயர்களைத் தர வேண்டும். காலமானவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. உயிரோடிருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு. கனடா, லண்டன், பிரான்ஸ். மரண அறிவித்தலில் மாமா வெறும் பெயர்களை மட்டும் கொடுத்துத் தப்பியிருந்தார். கல்வெட்டில் தப்ப முடியாது. அது வீட்டில் இருக்கப்போகிற புத்தகம்.

சுகந்தினி (கனடா). தர்மிகா (மீசாலை).

கஜன் நடுவில் ஒரு வரி விட்டுத் தட்டச்சு செய்தான். "இவர் எந்த நாடு அக்கா?"

பிறகு சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 15

எழுதிப் பார்த்தது:

அமரர் பவளராணி சபாநாதன் மீசாலையில் பிறந்தார். கற்றார். ஆசிரியையானார். மணந்தார். வன்னிக்கு மாற்றலாகிப் போனார். மலேரியாவில் கணவரை இழந்தார். முப்பத்திரண்டு வருடம் கற்பித்தார்.

வாழ்க்கை வரலாறு இப்படி முடிந்த செயல்களால் ஆனது. கடைசிப் பதினைந்து வருடமும் அம்மா செய்தது எதுவும் முடியவில்லை. காத்திருந்தார் என்று எழுதலாம். ஆனால் காத்திருக்கிறவர் ஓரிடத்தில் இருப்பார். அம்மா ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

நடந்ததை இங்காவது எழுதிவைக்கிறேன். சண்டையின் கடைசி நாட்கள். அண்ணாவுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதின்மூன்று. அக்கா அதற்கு முன்பே கலியாணமாகிப் போய்விட்டாள். பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்ததும் பொடியன்களைத் தனியே ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். அம்மா யன்னலால் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். அண்ணா அதை வாங்கிப் பக்கத்தில் இருந்தவனுக்கும் கொடுத்தான். பஸ் போனது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்தவன் டிலக்சன். அவனுடைய தாய் ஜெசிந்தா அன்ரி. அந்தப் பஸ்ஸின் புழுதி அடங்கும் வரைக்கும் அவரும் அம்மாவும் ஒருவரையொருவர் அறியார்கள். அதன் பிறகு இருவரும் ஏறாத படி இல்லை. பென்சன் எடுத்த பின்னர் அம்மா மாதத்தில் பாதி நாள், பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் தெருவோரப் போராட்டக் கொட்டகையில் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தார், மடியில் அண்ணாவின் படத்தோடு. கொட்டகையில் இருந்தபடியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார்.

இதை எந்தப் பக்கத்தில் போடுவது?

பெப்ரவரி 17

அக்கா வீடியோவில் வந்தாள். ரிக்கெட் கிடைக்கவில்லை, விசா, வேலை. நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். பிறகு:

"தர்மி, 'காலஞ்சென்ற' எண்டு போடு."

"ம்."

"நான் யோசிக்காமல் சொல்லேல்லை. அம்மா இருக்கும்வரை வாய் திறந்தனானோ? இல்லைத்தானே. இப்ப அம்மாவோட சேத்து அவனுக்கும் ஒரு பிடி எள்ளுத் தண்ணி இறைப்பம். எவ்வளவு காலத்துக்கு அவனை நடுவில வச்சிருக்கிறது?"

அவள் சொல்வது சரி. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பல வருடமாக அப்படித்தான் நினைக்கிறேன். யாராவது கேட்டால் காரணங்களை வரிசையாகச் சொல்வேன்.

"போடுறன்," என்றேன்.

மாமாவும் தலையாட்டினார். "அவன்ர ஆத்மாவும் சாந்தியடையட்டும்."

மாலையில் கஜனுக்கு அழைக்கப் போனை எடுத்தேன். அவன் "ஹலோ" என்றான். அட்டைக்கு என்ன நிறம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 18

வாசல் படலைக்கு இரவில் கொளுக்கி போடுவதில்லை என்று பெரியம்மா ஏசினார். பெண் தனியாக இருக்கிற வீடாம். மறந்துபோனேன் என்றேன்.

பெப்ரவரி 19

அம்மாவின் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். சர்மிளா. கிளிநொச்சியில் தாதியாக இருக்கிறாள். அரைக் கிலோ சீனியும் தேயிலையும் கொண்டுவந்தாள். கல்வெட்டுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றேன்.

"ரீச்சர் குட்டுவா. நல்லாக் குட்டுவா. அதைப் போடுவியளோ?"

"போடுறன்."

"ஐயோ, போட்டுக் கீட்டு வைக்காதேங்கோ." சிரித்தாள். பிறகு தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இடம்பெயர்ந்து திரிஞ்ச நேரம் மரத்துக்குக் கீழதான் பள்ளிக்கூடம். ஒவ்வொரு இடத்திலயும் வகுப்பு குறைஞ்சுகொண்டு போகும். ரீச்சர் வரவு இடாப்பில இருக்கிற பேர் முழுக்கக் கூப்பிடுவா. வராத பிள்ளையையும் கூப்பிட்டிட்டு, கொஞ்ச நேரம் றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பா. எங்களுக்குச் சிரிப்பு வரும்."

"பிறகு?"

"கவிதா எண்டு ஒருத்தி. ஷெல் விழுந்த இடத்தில அவேன்ர குடும்பம் இருந்ததாம் எண்டு கதை. நான்தான் எழும்பி, அவள் செத்திட்டாள் ரீச்சர் எண்டன். ஆர் பாத்தது எண்டு கேட்டா. ஒருத்தரும் பாக்கேல்லை. அப்ப அந்தக் கட்டம் வெறுமையாவே கிடக்கட்டும் எண்டிட்டா. வரவும் போடேல்லை, வெட்டவும் இல்லை. கடைசி மட்டும் அவளைக் கூப்பிட்டவ."

"கவிதா வந்தவளோ?"

"இல்லை," என்றாள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தாள்.

அவள் போன பிறகு கோப்பைகளைக் கழுவினேன். ஒன்றின் கைப்பிடி உடைந்தது.

பெப்ரவரி 22

மிதுஷா. அக்காவின் மகள். எட்டு வயது. அம்மா அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் தமிழ் படிப்பித்தார். அரை மணி நேரம் எழுத்து, பிறகு 'போனைச் சுத்திக் காட்டு, அம்மம்மா ஊர் பாக்கப் போறன்.' மிதுஷா போகிற இடத்துக்கெல்லாம் அம்மாவும் போனில் போவார். ரயில் நிலையம், கடைத்தெரு, கோயில் தேர். அம்மாவுக்கு வெளிநாடு பார்க்கும் ஆசை என்று நாங்கள் கேலி செய்வோம். "விசா இல்லாமல் போய் வாறவ," என்பார் மாமா.

கல்வெட்டில் பேத்தியின் பகுதியை மிதுஷாவே சொல்லட்டும் என்று அக்கா போனை அவளிடம் கொடுத்தாள். நான் எழுதத் தயாராக இருந்தேன்.

"அம்மம்மா எனக்கு ழ சொல்லித் தந்தவ. எனக்கு வராது, எண்டாலும் அவ சிரிக்க மாட்டா. அம்மம்மாக்கு சினோ விருப்பமில்லை."

"ஏன்?"

"சினோ கொட்டினால் குளிரும், எல்லாரும் தொப்பி போடுவினம். முகம் தெரியாது."

"என்ன முகம் குஞ்சு?"

"மாமான்ர முகம். நான் போனைப் பிடிச்சுக்கொண்டு மெல்லமா நடக்கோணும். மெல்ல, மெல்ல எண்டுவா. அம்மம்மா ஒவ்வொரு ஆளாப் பாப்பா. ஒருக்கா ரெயினில ஒரு அங்கிளைக் கண்டு நில் எண்டா. நான் கிட்டப் போய், நீங்கள் நிரோஜன் மாமாவோ எண்டு கேட்டனான். அவருக்குத் தமிழே தெரியாது." சிரித்தாள். "அம்மாட்டச் சொல்ல வேண்டாம் எண்டவ. இப்பச் சொல்லலாம்தானே? அம்மம்மா செத்திட்டாதானே?"

போன் திரையில் முகட்டு விசிறி மட்டும் தெரிந்தது. அக்கா போனை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகம் வரவில்லை.

"நீ விரும்பினதைப் போடு, தர்மி," என்றாள் கடைசியில்.

பெப்ரவரி 24

நான் என்ன விரும்புகிறேன்? அது யாருக்கும் தெரியாது. அண்ணாவுக்குப் பிடித்ததைச் சமைக்கலாம். எனக்கு எது பிடிக்கும்?

அச்சுக்கூடத்துக்குப் போனேன். 'காலஞ்சென்ற' வேண்டாம். நாடும் வேண்டாம். ஆனால் அடைப்புக்குறி இருக்கட்டும், உள்ளே ஒன்றும் இல்லாமல்.

நிரோஜன் (       )

கஜன் திரையைப் பார்த்தான். "சனம் பிழை எண்டு நினைக்கும் அக்கா."

"நினைக்கட்டும்."

"ஆளே இல்லையெண்டால் பிராக்கட்டை எடுத்துவிடுவம். வடிவா இருக்கும்."

"இல்லை. அப்பிடியே விடும்."

"சரி. நீங்கள் சொன்னால் சரி." அவன் நல்ல பிள்ளை. அம்மாவின் படத்தில் கண்ணுக்குக் கீழிருந்த கருமையைக் காசு வாங்காமல் அழித்துத் தந்தான். அதையும் திரும்பப் போடச் சொன்னேன். அவனுக்கு மனம் நொந்துவிட்டது.

பெப்ரவரி 29

இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. புயல் காற்று. தென்னை ஒன்று கம்பியில் விழுந்திருக்கிறது. போன் செத்துக் கிடக்கிறது. நல்ல அமைதி.

மார்ச் 3

விடியக் கீரிமலைக் கடலுக்குப் போய் மாமா சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தார். எள்ளுத் தண்ணீர் அம்மாவுக்கு மட்டும். ஐயர் இரண்டாவது பெயரை எதிர்பார்த்துக் கையை நீட்டியபடி இருந்தாராம். மாமா "அவ்வளவுதான்" என்றாராம். இதைச் சொல்லும்போது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் இருநூறு பேர். மூன்று கிடாரத்தில் சோறு. வரும் வழியில் மாமா அச்சுக்கூடத்தில் எடுத்த கல்வெட்டுப் பொதிகளை வாசலிலேயே பிரித்து, கதிரைக்குக் கதிரை கொடுக்கத் தொடங்கிவிட்டார். நான் குசினியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா ஒரு பிரதியோடு உள்ளே ஓடிவந்தார். "எடியே, நிரோஜன் லண்டனிலயோ? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

வாங்கிப் பார்த்தேன்.

சுகந்தினி (கனடா), நிரோஜன் (லண்டன்), தர்மிகா (மீசாலை) ஆகியோரின் பாசமிகு தாயாரும்...

அப்பளம் கருகியது.

கஜனுக்கு அழைத்தேன். "அக்கா, உங்களுக்கு எத்தினை தரம் எடுத்தனான். போன் வேலை செய்யேல்லை. அந்தப் பிராக்கட் வெறுமையாக் கிடந்தது, முதலாளி ஏசினார். அரைகுறையா அடிச்சுக் குடுத்திருக்கு எண்டு சபையில உங்களுக்குத்தானே அவமானம். மகள் கனடா. மகன் எண்டால் அநேகமா லண்டன்தானே எண்டு..." அவன் குரல் சிறுத்தது. "பிழையோ அக்கா? பிரான்சோ?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லோருடைய மகனும் எங்கோ ஒரு நாட்டில்தான் இருக்கிறான். ஒரு நாடும் இல்லாத மகனை அவன் அச்சடித்ததில்லை. பரவாயில்லை என்றேன்.

மாமா தலையில் கைவைத்தார். பிறகு, "விடு பிள்ளை. சனம் சந்தோசமாப் போகுது," என்றார். அது உண்மை. முற்றத்தில் மூன்றாவது விரல்கள் எல்லாம் மடங்கிவிட்டன. "ரீச்சர் குடுத்து வச்சவ. கண்மூட முன்னம் மகன்ர குரலைக் கேட்டிருப்பா," என்று யாரோ சொன்னார்கள். "எண்டாலும் கொள்ளி வைக்க வரேல்லையே, விசா இல்லையாக்கும்," என்றார்கள். "அங்க போனால் இப்பிடித்தான், தாயையும் மறந்திடுவினம்." அண்ணாவைப் பற்றி இவ்வளவு பேர் ஏசி நான் கேட்டதே இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

அக்கா வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பா?"

"உன்னை லண்டனுக்கு ரிக்கெட் போடச் சொல்லியிருப்பா."

கறுப்புப் பேனை ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். மிச்சப் பிரதிகளில் அந்த ஒரு சொல்லை மட்டும் மையால் மூடத் தொடங்கினேன். வெறுமையாக இருக்க வேண்டிய இடம் ஒவ்வொரு பிரதியிலும் கறுப்புக் கட்டியானது. அதுவும் பிழைதான். வேறு வழி தெரியவில்லை.

சனம் கலைந்த பிறகு ஜெசிந்தா அன்ரி வந்தார். முல்லைத்தீவிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். தோளில் வழக்கமான பை, பையில் வழக்கமான படம். கால் கழுவாமல், சாப்பிடாமல், நேரே அறைக்குள் வந்து கட்டிலில் இருந்தார்.

"சோறு போடட்டே அன்ரி?"

"சாப்பிடலாம் பிள்ளை." மூச்சு வாங்கினார். "சர்மிளா காலமை இங்க இருந்து போன் எடுத்தவள். புத்தகத்தில இருக்காம் எண்டாள். நான் உடன வெளிக்கிட்டனான்." என் கையைப் பிடித்தார். "லண்டனில நிரோஜன் தனியவோ இருக்கிறார்? இல்லாட்டி... ஆரோடயும் சேந்து இருக்கிறாரோ?"

அம்மா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவர் ரீச்சர்.

"அன்ரி. அது அச்சுப் பிழை."

"பிழையோ."

"ஓம். அங்க இருக்கிற பெடியன் தன்ர எண்ணத்துக்குப் போட்டிட்டான்."

"நீர் எழுதிக் குடுக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி. நான் வெறுமையா விடச் சொன்னனான்."

அவர் கையை எடுக்கவில்லை. யன்னலுக்கு வெளியே, சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும் பிள்ளை. அப்பிடி ஒண்டு இருந்தால் ரீச்சர் எனக்குச் சொல்லாமல் சாவாவே? முதல் எனக்குத்தான் சொல்லுவா. தெரிஞ்சுகொண்டுதான் வந்தனான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "எண்டாலும், பஸ்ஸில வாற நேரம் முழுக்க அவங்கள் ரெண்டு பேரும் லண்டனில இருந்தவங்கள். சமைச்சுச் சாப்பிட்டவங்கள். டிலக்சனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, குழைச்சுப்போடுவான். நிரோஜன் ஏசியிருப்பான்."

"களி கிண்டுவான் அன்ரி. அண்ணாவுக்குக் களி கிண்டத் தெரியும்."

"அப்ப சரி," என்றார்.

பிறகு கட்டிலில் கிடந்த பிரதிகளைக் கண்டார். ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தார். மைக் கட்டியை விரலால் தடவினார். இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

"இதில மை பூசாதது ஒண்டு இருக்கோ பிள்ளை?"

அடுக்கின் அடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை டிலக்சனின் படத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார்.

அன்ரிக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு அண்ணாவின் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து, கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.